தடா முதல் குப்பம் வரை: போன் யார் கையில் இருக்கிறது?

திங்கள், தடா

சென்னைக்கு வடக்கே தடாவில் ஆரம்பித்து, ஆந்திர எல்லையை ஒட்டியே குப்பம் வரை போவதாகத் திட்டம். பஸ், ரயில், ஷேர் ஆட்டோ, எது கிடைக்கிறதோ அது. அன்றன்றைக்குப் பார்த்ததை ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து இங்கே போடுகிறேன். கோயில், சாப்பாடு எல்லாம் கொஞ்சம் வரும், ஆனால் இந்தத் தடவை கண் போவது போன் மேலேதான். எந்த நாட்டில் எத்தனை பேரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் அவ்வப்போது எடுக்கிற சர்வேக்களைச் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தென் கொரியா இவ்வளவு, கென்யா இவ்வளவு, இந்தியா இவ்வளவு என்று நாட்டுக்கு ஒரு எண். இவ்வளவு பெரிய நாட்டுக்கே ஒரே எண் என்றால், ரெண்டு மாநிலம் முட்டிக்கொள்கிற இடத்தில் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று நேரில் பார்க்கலாமே என்றுதான் கிளம்பினேன்.

சூலூர்பேட்டை லோக்கல் ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் பெட்டியில் அங்கங்கே போன்கள் கிணுங்கின. ஆந்திராவுக்கு வரவேற்கிறோம் என்கிற குறுஞ்செய்தி. யாரும் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் இந்தச் சத்தம் கேட்டால் வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் இங்கிருந்து ரோமிங். இந்தியாவை வட்டம் வட்டமாகப் பிரித்துத்தான் செல்போன் லைசென்ஸ் கொடுத்தார்கள். 2003 முதல் சொந்த வட்டத்துக்குள் இன்கமிங் இலவசம் ஆனது, ஆனால் வட்டத்தைத் தாண்டினால் நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். தடாக்காரருக்கு ஆரம்பாக்கம் பக்கத்து ஊர்தான், போன் கம்பெனிக்கு அது வேற்று நாடு. 2017 வாக்கில் கம்பெனிகள் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை எடுத்துவிட்டன, அதோடு அந்தப் பயம் போய்விட்டது.

ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடைக்காரர் நல்ல சென்னைத் தமிழ் பேசினார். "அப்போ ரெண்டு போன் சார். இந்தப் பாக்கெட்ல தமிழ்நாடு, இந்தப் பாக்கெட்ல ஆந்திரா. மீன் ஏத்துறவன், எறா குட்டைக்காரன், லாரிக்காரன், எல்லாருக்கும் ரெண்டு. அப்புறம் ரெண்டு சிம் போடுற சைனா செட்டு வந்துச்சு, அதோட ஒரு பாக்கெட் காலி ஆயிடுச்சு." இந்த ரெண்டு சிம் சங்கதியைப் பெரிய கம்பெனிகள் ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை. நோக்கியாவே 2010 வாக்கில்தான் இரட்டை சிம்முக்கு இறங்கி வந்தது, அதற்குள் சீன செட்டுகளும் மைக்ரோமேக்ஸ் மாதிரி நம் ஊர் பிராண்டுகளும் சந்தையைப் பிடித்துவிட்டன. ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். டெக்னோ, ஐடெல் என்ற பெயர்களில் விற்கிற டிரான்சியன் என்ற சீன கம்பெனி, ஒன்றுக்கு மேற்பட்ட சிம், நாள் முழுக்க நிற்கிற பேட்டரி, கறுத்த முகத்தையும் தெளிவாக எடுக்கிற கேமரா என்று அந்த ஊர் ஆட்களுக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்து கொடுத்துத்தான் அங்கே முதலிடத்துக்கு வந்தது.

மதியம் ஸ்ரீசிட்டி என்கிற தொழிற்பேட்டை வாசல் வரை போனேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும், ஷிப்ட் முடிகிற நேரம் வெளியே நின்று பார்க்கத்தான் போனது. சியோமி தன் முதல் இந்தியத் தயாரிப்பான ரெட்மி 2 பிரைமை 2015 ஆகஸ்டில் இங்கேயிருக்கிற ஃபாக்ஸ்கான் ஆலையில் செய்துதான் வெளியிட்டது. 2017 மார்ச்சில் ரெண்டாவது ஆலையையும் அறிவித்தபோது, வேலை நடக்கிற நேரத்தில் நொடிக்கு ஒரு போன் என்று கணக்கு சொன்னார்கள். செல்போன் ஆலைகளில் லைனில் நிற்பது பெரும்பாலும் பெண்கள். வரிசையாக வந்து நின்ற பஸ்களில் ஏறியதும் அவர்கள்தான், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை.

வரதையபாளையம் பக்கத்துப் பெண் ஒருத்தி, வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு. ஏதோ ஒரு கம்பெனியில் கேமரா ஒட்டுகிற இடத்தில் வேலை. முதல் மாதச் சம்பளத்தில்தான் சொந்தமாகப் போன் வாங்கினாளாம். "அதுக்கு முன்னாடி?" என்றேன். "அப்பா போன்தான் அண்ணா. ஃப்ரெண்ட்ஸ் மெசேஜ் போட்டா அப்பாதான் மொதல்ல படிப்பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். போன் செய்கிற வேலைக்குப் போனதால் போன் கிடைத்தது என்று இல்லை, எந்த வேலைக்குப் போயிருந்தாலும் கிடைத்திருக்கும். சம்பளம் அவள் கணக்கில் விழுந்ததுதான் விஷயம்.

செவ்வாய், சத்தியவேடு - சுருட்டப்பள்ளி - நாகலாபுரம்

இந்தப் பாதையில் எல்லை ஒரு விளையாட்டு. சத்தியவேடு ஆந்திரா, அங்கிருந்து தெற்கே இறங்கினால் ஊத்துக்கோட்டை தமிழ்நாடு, அதைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி திரும்பவும் ஆந்திரா. சத்தியவேடு 1960 ஏப்ரல் 1 வரை நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. கடைப் பெயர்ப் பலகை தெலுங்கில், கடைக்குள் பேச்சு பாதி தமிழில். சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்டீஸ்வரரைப் பார்த்தேன், சிவன் படுத்திருக்கிற கோலம், பிரதோஷம் இல்லாததால் கூட்டம் இல்லாமல் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் ஒரு கேள்வி உண்டு, நீங்களே பயன்படுத்துகிற மொபைல் உங்களிடம் இருக்கிறதா என்று. தமிழ்நாட்டில் 74.6 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். ஆந்திராவில் 48.9. இந்தியா முழுக்க 54. இது ஸ்மார்ட்போன்கூட இல்லை, பட்டன் போனும் சேர்த்தி. ஊத்துக்கோட்டைக்கும் சுருட்டப்பள்ளிக்கும் நடுவே நடந்தே போகலாம், ரெண்டு பக்கமும் அதே டவர், அதே ரீசார்ஜ் விலை, அதே விலைக்கு அதே போன். மாநிலக் கணக்கு மட்டும் கிட்டத்தட்ட 26 புள்ளி தாவுகிறது. எல்லையோரத்தில் அந்த வித்தியாசம் அப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை, தமிழ்நாட்டு எண்ணைத் தூக்கிவிடுவது சென்னையும் கோவையுமாக இருக்கலாம், ஆந்திரா எண்ணை இழுப்பது வேறு எங்கோ இருக்கலாம். ஆனால் சுருட்டப்பள்ளியில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அந்த 48.9 எப்படி உருவாகிறது என்பதைப் பக்கத்து சீட்டிலேயே பார்த்தேன்.

ஒரு அக்கா, நாற்பது வயது இருக்கும், மடியில் பூக்கூடை, பக்கத்தில் ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பையன். போன் அடித்தது. அக்கா இடுப்பிலிருந்து எடுத்தார். பச்சை நிற ரப்பர் கவர், கவருக்கும் போனுக்கும் நடுவே மடித்து வைத்த ஐந்நூறு ரூபாய் நோட்டு, ஆதார் அட்டை அளவுக்குச் சின்னதாக எடுத்த ஜெராக்ஸ், பின்னால் வெங்கடாசலபதி ஸ்டிக்கர். எடுத்த வேகத்தில் பையனிடம் நீட்டினார். அவன் திரையைத் தேய்த்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டான். பேசி முடித்ததும் வாங்கித் திரும்ப இடுப்பில் வைத்துக்கொண்டார். கைரேகை லாக்கில் பையன் விரல் மட்டும்தான் பதிந்திருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது.

"அக்கா, இது உங்க போனா?"

"வீட்டுப் போன்பா. அவரு வேலைக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போயிடுவாரு. இது நம்ம கிட்ட இருக்கும். இவன் ஸ்கூல் விட்டு வந்தா இவன் கிட்ட."

சர்வேக்காரர் வந்து கேட்டால் இந்த அக்காவை எங்கே எழுதுவார்? பகலெல்லாம் போன் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. காசு, ஆதார் எல்லாம் அதில்தான். ஆனால் திறக்க இன்னொருவர் விரல் வேண்டும். ஆமாம் என்று எழுதினாலும் தப்பு, இல்லை என்று எழுதினாலும் தப்பு. இதனால்தான் கணக்கெடுப்பு வீட்டைக் கேட்கிறதா ஆளைக் கேட்கிறதா என்பதில் எல்லாமே புரண்டுவிடுகிறது. 2025 ஜனவரி-மார்ச்சில் மத்தியப் புள்ளியியல் துறை எடுத்த கணக்கில், இந்தியாவில் 85.5 சதவீத வீடுகளில் குறைந்தது ஒரு ஸ்மார்ட்போனாவது இருக்கிறது. அதே நாட்டில் 2018-ல் பியூ ஆள் ஆளாகக் கேட்டபோது ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள் 24 சதவீதம்தான், பட்டன் போன் 40, ஒன்றுமே இல்லாதவர்கள் 35. ஏழு வருஷத்தில் நிறைய ஏறியிருக்கிறது, சந்தேகமே இல்லை, கொரோனாவில் ஆன்லைன் வகுப்புக்காகவே கடன் வாங்கிப் போன் எடுத்த வீடுகள் எத்தனை. ஆனால் 24-லிருந்து 85 என்று ரெண்டையும் ஒரே கோட்டில் போட்டு வரைந்து ஆஹா என்று பகிர்கிறார்களே, அது கணக்கே இல்லை. ஒன்று ஆள், இன்னொன்று வீடு. பூக்கார அக்கா ரெண்டாவதில் வருவார், முதலாவதில் வருவாரா என்பது அன்றைக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

நாகலாபுரம் வேதநாராயணர் கோயில் நடை சாத்தியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தோசை, வேர்க்கடலைச் சட்னி, காரம் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான் இன்றைக்கு.

புதன், புத்தூர் - நகரி - ஏகாம்பரகுப்பம்

புத்தூரில் இறங்கியதும் கை கால் கட்டோடு ஆட்கள். எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு என்றால் சென்னை வரை தெரியும். அங்கே ரொம்ப நேரம் நிற்கவில்லை, நகரிக்குப் போய்விட்டேன். நகரி, ஏகாம்பரகுப்பம் முழுக்க விசைத்தறிச் சத்தம், தறிக்காரர்கள் நிறையப் பேர் வீட்டில் பேசுவது தமிழ்.

அரை நாள் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் கழிந்தது. கடைக்கார அண்ணன் பேச ஆள் கிடைத்தால் விடாத ரகம், எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கண்ணாடி மேஜையின் மேல் தட்டில் டெம்பர் கிளாஸ், பேக் கவர், சார்ஜர் வயர். கீழ்த் தட்டில் யாரும் திரும்ப வாங்காமல் விட்டுப்போன செட்டுகள். அதைப் பார்க்க விட்டார். அடியில் நோக்கியா 1100, தலையில் டார்ச்சோடு. 2003-ல் வந்தது, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற செட். அதற்குப் பக்கத்தில் ரிலையன்ஸ் சிடிஎம்ஏ செட். அதே 2003-ல் 501 ரூபாய் கட்டினால் போன் கையில் என்று மான்சூன் ஹங்காமா போட்டார்களே, அந்தக் காலத்தது. அதற்கு மேல் மைக்ரோமேக்ஸ், கார்பன், செல்கான். அப்புறம் ரெட்மி, ரெட்மி, ரெட்மி. நடுவில் ஜியோபோன் ஒரு குவியல்.

"இதுல எது ஓட ஆரம்பிச்சப்போ கடைக்குக் கூட்டம் வந்துச்சுண்ணே?" என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. "போன் இல்ல தம்பி. நெட்டு. 2016 கடைசில ஜியோ சிம் ஃப்ரீயா குடுத்தான் பாரு, அப்போதான். அதுக்கு முன்னாடி டச் போன் வாங்கினவன்கூட நெட் ஆன் பண்ண மாட்டான், காசு போயிடும்னு. என் கிட்ட வந்து மெமரி கார்டுல பாட்டு ஏத்திக்கிட்டுப் போவான். அந்த யாவாரம் ஆறே மாசத்துல செத்துச்சு."

மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவதில் இருந்த வருமானம் போனதில் அவருக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் அவர் சொன்னது அப்படியே சரி. 2014-ல் ஒரு ஜிபி டேட்டா 200 ரூபாய்க்கு மேல். 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்த பிறகு ரெண்டே வருஷத்தில் அது பத்துப் பதினைந்து ரூபாய்க்குள் வந்துவிட்டது. சியோமி 2014-லேயே ஆறாயிரம் ரூபாய்க்கு ரெட்மி 1எஸ் விற்றது, நல்ல செட். அப்படியும் பியூவின் ஸ்மார்ட்போன் கணக்கில் 2013-ல் 12 சதவீதமாக இருந்த இந்தியா 2015-ல் 17-க்குத்தான் வந்திருந்தது. போன் விலை இறங்கினால் போதும் என்று நினைத்தவர்களுக்கு அந்த வருஷங்கள் பதில்.

ஜியோபோன் ஒரு சுவாரஸ்யமான பிராணி. 2017-ல் 1500 ரூபாய் டெபாசிட்டுக்குக் கொடுத்தார்கள், பட்டன் போன், ஆனால் 4ஜி, மறு வருஷம் வாட்ஸ்அப்பும் வந்தது. இதை ஸ்மார்ட்போனில் சேர்ப்பதா பட்டன் போனில் சேர்ப்பதா? ஜப்பானில் இந்தக் கேள்வி இன்னும் பழசு. 1999-லேயே டோகோமோ கம்பெனி ஐ-மோட் என்று பட்டன் போனில் இணையம், மெயில், டிக்கெட் எல்லாம் கொடுத்துவிட்டது. மடக்குகிற போனிலேயே எல்லாம் நடக்கும்போது எதற்கு மாற்ற வேண்டும்? 2015-ல் ஜப்பானில் ஸ்மார்ட்போன் 39 சதவீதம்தான், அதே வருஷம் பக்கத்துத் தென் கொரியாவில் 88. ஜப்பான் ஏழை என்றோ பின்தங்கியது என்றோ யாராவது சொல்வார்களா. 2018-ல் 66-க்கு வந்தது. தென் கொரியா கதை நேர் எதிர். அங்கே விற்கிற போனெல்லாம் விப்பி என்ற உள்நாட்டு மென்பொருளோடுதான் வர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது, அதனால் வெளிநாட்டு ஸ்மார்ட்போன்கள் ரொம்ப நாள் நுழைய முடியவில்லை. 2009-ல் விதியை எடுத்தார்கள், அந்த நவம்பரிலேயே ஐபோன் வந்தது, சாம்சங் பதிலுக்கு இறங்கியது, பிறகு தூக்கிய தூக்கு 2018-ல் 95-ல் போய் நின்றது. மீதி 5 பேரிடமும் சாதா போன். போனே இல்லாதவர் என்று அந்தச் சர்வேயில் எண்ணிச் சொல்ல ஆளே இல்லை.

நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் காம்போ மாற்றக் கொண்டுவந்தார். காம்போ என்றால் டிஸ்ப்ளேயும் டச்சும் ஒன்றாக ஒட்டிய பாகம். அண்ணன் ஹீட்டர் தட்டில் போனை வைத்து, விளிம்பில் கிட்டார் பிக் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டை நுழைத்து, பசை இளகும் வரை மெதுவாக நகர்த்தி, பழைய கண்ணாடியைத் தோல் உரிப்பதுபோல் எடுத்தார். புதிய காம்போ ஆயிரத்துச் சொச்சம். "கம்பெனி பீஸ் போட்டா டபுள்" என்றார். பெரியவர் காப்பி பீஸே போதும் என்றார். அப்புறம் அவரே, "இது என் மருமவ போன், நான்தான் ரோட்டுல போட்டுட்டேன்" என்று எங்களிடம் விளக்கம் சொன்னார், நாங்கள் கேட்கவே இல்லை.

இன்னொன்று, தவணைப் போன். கடன் கட்டாவிட்டால் போனையே பூட்டிவிடுகிற ஆப் உள்ளே இருக்கிறது. தேதி தாண்டினால் திரை முழுக்கக் கடன் கம்பெனி எச்சரிக்கை, வேறு எதுவும் திறக்காது. அதை எடுத்துத் தரச் சொல்லி வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்களாம், அண்ணன் தொடுவதில்லை, போலீஸ் கேஸ் ஆகும் என்கிறார். அமெரிக்காவில் 2008-ல் ஐபோன் 199 டாலர் என்று விற்றபோது அது முழு விலை இல்லை, ரெண்டு வருஷ ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் பில்லில் மீதியைக் கறந்தார்கள். அந்த ஊரில் ஸ்மார்ட்போன் சீக்கிரம் பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம், 2011-லேயே பெரியவர்களில் 35 சதவீதம். நமக்கு எல்லாமே பிரீபெய்டு, கையில் முழுப் பணம் இருந்தால்தான் போன். அவர்கள் 2008-ல் பில்லில் மறைத்த கடனை நாம் இப்போது பூட்டோடு வாங்குகிறோம்.

வியாழன், சித்தூர்

மழை. வெளியே போகவில்லை, எனவே சுருக்கமாக.

நகரி அண்ணன் நெட்டு என்று சொன்னதற்கு உலகத்தில் இதைவிடப் பெரிய சாட்சி மியான்மர். ராணுவ ஆட்சிக் காலத்தில் அங்கே ஒரு சிம் கார்டு ஆயிரம் டாலருக்கு மேல் போனது உண்டு. போன் இல்லை, சிம் மட்டும். 2014-ல் டெலினார், ஊரேடூ என்ற ரெண்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் சேவையைத் தொடங்கியபோது சிம் விலை ஒன்றரை டாலர். மக்கள் பட்டன் போன் என்ற படியையே தாண்டி நேராக டச் போனுக்குப் போனார்கள். கியூபாவில் 2008 வரை சாதாரண மக்கள் தங்கள் பெயரில் செல்போன் வாங்கவே முடியாது. போனில் நேராக இணையம் 2018 டிசம்பரில்தான் வந்தது. ரெண்டு இடத்திலும் கடையில் போன் இல்லாதது பிரச்சினை இல்லை, கதவைத் திறக்க மேலே ஆள் சம்மதிக்கவில்லை.

நாட்டுக் கணக்கு இப்படி அரசாங்கம், கம்பெனி, டேட்டா விலை என்று தாவுகிறது. வீட்டுக்குள் நுழைந்த பிறகு அது யார் கைக்குப் போகிறது என்பதை இவர்கள் யாரும் தீர்மானிப்பதில்லை. லாட்ஜ் வரவேற்பில் இருக்கிற தம்பி தன் தங்கைக்குப் போன் வாங்கித் தராததற்கு ஒரு காரணம் சொன்னான், "காலேஜ் சேரட்டும் சார்." அவன் எப்போது வாங்கினான் என்று கேட்டேன். பத்தாவது லீவில்.

சனி, குப்பம்

நேற்று பலமநேர் வழியாகப் பஸ்ஸில் வந்து சேர்ந்ததோடு சரி, எழுத ஒன்றும் இல்லை. குப்பத்தில் மூன்று மாநிலம் கூடுகிறது. கர்நாடகம் ஒரு பக்கம், நம் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம் இன்னொரு பக்கம். காலையில் ஊரை விட்டு வெளியே நடந்தபோது போன் எந்த டவரைப் பிடிப்பது என்று தெரியாமல் திண்டாடியது. சந்தையில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்து விழுகின்றன.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் படிப்பது தெலுங்கு மீடியம் அல்லது இங்கிலீஷ் மீடியம், தமிழ் எழுத வராது. கிருஷ்ணகிரியில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குத் தெலுங்கு படிக்க வராது. வாட்ஸ்அப்பில் எழுதுவதில்லை, வாயால் பேசி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு மளிகைக்கடைக்காரர் தன் போனைக் காட்டினார், குடும்பக் குழுவில் மேலிருந்து கீழ் வரை வெறும் குரல் பதிவுதான், ஒரு எழுத்து இல்லை. பாட்டியம்மாவும் சமமாகப் பேசுகிறார், ஏனென்றால் மைக் படத்தை அழுத்திப் பிடிக்கத் தெரிந்தால் போதும். படிக்காதவர்கள் போனை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று மாநாடு போட்டு யோசித்தவர்களுக்கு முன்னால் இந்த வீடுகள் வழி கண்டுபிடித்துவிட்டன.

சந்தையில் தக்காளி, கீரை விற்கிற ஒரு அம்மா. முன்னால் க்யூஆர் அட்டை, பக்கத்தில் பணம் வந்ததும் சத்தமாகச் சொல்கிற பெட்டி. நான் இருபது ரூபாய் அனுப்பினேன், பெட்டி தெலுங்கில் அறிவித்தது. பணம் மகன் கணக்குக்குப் போகிறது. ராத்திரி அவர் கணக்குப் பார்த்து ரொக்கமாகத் தருவாராம். கென்யாவில் 2007-லேயே எம்-பெசா வந்தபோது அது சாதா பட்டன் போனிலேயே ஓடியது, வாங்குபவர் கையிலேயே பணம் விழுந்தது. நம் யுபிஐ 2016-ல் ஸ்மார்ட்போனை மனதில் வைத்து வந்தது, பட்டன் போனுக்காக யுபிஐ 123பே என்று ஒன்றை 2022-ல் கொண்டுவந்தார்கள், இந்த அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"உங்களுக்குன்னு போன் இல்லையாம்மா?"

இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பட்டன் போன், புதுசு. "இது நானே வாங்கினது. அவன் டச் போனு வாங்கித் தரேன்னான், வேணாம்னுட்டேன். அது ஒரு நா கூட சார்ஜு நிக்காது. அது கைல இருந்தா பேரப் புள்ளைங்க குடுன்னு புடுங்கிக்கும். இத எவனும் கேக்க மாட்டான்."

எந்தச் சர்வேயிலும் இவர் ஸ்மார்ட்போன் இல்லாதவர் பட்டியலில்தான் வருவார். வசதி இல்லை, படிப்பு இல்லை, ஆர்வம் இல்லை என்று காரணம் எழுதி வைப்பார்கள். இவர் கணக்கே வேறு, தன் கையை விட்டுப் போகாத போன்தான் தன் போன். அமெரிக்காவில் 2023-ல் 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள், அங்கே மிச்சமிருப்பவர்களில் வயதானவர்கள்தான் அதிகம். அவர்களிலும் இந்த அம்மா மாதிரி யோசித்து வேண்டாம் என்றவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

முதியோர் ஓய்வூதியம் பற்றியும் கேட்டேன். ஆந்திராவில் மாதம் 4000 ரூபாய், முதல் தேதி வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கிறார்கள். கிராமச் செயலக ஊழியர் தன் போனோடு இணைத்த கருவியில் இந்த அம்மாவின் விரலை வைத்துப் பதிந்துகொண்டு ரொக்கமாக எண்ணிக் கொடுக்கிறார். மகன் கணக்குக்குப் போகாத பணம் அது ஒன்றுதான் என்றார், அதைச் சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார், மகன் பக்கத்துக் கடையில்தான் இருந்தார்.

மதியம் ராகிச் சங்கடி, நாட்டுக்கோழிக் குழம்பு. நம் ஊர்க் களிதான், இங்கே உருண்டை பெரிசு, இரண்டாவது கேட்கத் தைரியம் வரவில்லை.

நாளைக் காலை ஜோலார்பேட்டை வழியாக ஊருக்கு. அடுத்தது மேற்கே, பாலக்காட்டு எல்லை, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம். அதே கணக்கெடுப்பில் கேரளப் பெண்கள் 86.6 சதவீதம். பொள்ளாச்சியிலிருந்து அங்கே பூ கொண்டுபோய் விற்கிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் போனில் யார் விரல் பதிந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், காலை எந்த பஸ்ஸில் ஏறினால் அவர்களைப் பிடிக்கலாம் என்று சொல்லுங்கள்.